யாளி எப்படி நடக்கும்? உயிரி வடிவமைப்புக் கருவி ஒன்றின் உள்ளே

கோயில் தூணில் யாளி நிற்கிறது. சிங்க உடல், யானைத் துதிக்கை, பிதுங்கிய கண். கொழும்பு விகாரைகளின் வாசலில் மகரத்தைப் பார்த்திருப்பீர்கள்: முதலை வாய், அதன் மேல் துதிக்கை, பின்னால் தோகை போல் விரியும் வால். இருக்கிற விலங்குகளின் உறுப்புகளைச் சேர்த்து இல்லாத விலங்கைப் படைக்கும் கலை நமக்கு மிகப் பழையது. ஆனால் சிற்பிக்கு ஒரு சலுகை இருந்தது. யாளி நின்ற இடத்தில் நின்றால் போதும். அது தூணை விட்டு இறங்கி வந்தால் எந்தக் காலை முதலில் வைக்கும், முதுகு எந்தப் பக்கம் வளையும், கீழே கிடக்கும் பழத்தை எதனால் எடுக்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கணினி விளையாட்டு செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய யாளி நடக்க வேண்டும், ஓட வேண்டும், ஆட வேண்டும். அந்த யாளியின் வடிவத்தை விளையாடுகிற பிள்ளையே தீர்மானிக்கும் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. வடிவம் எதுவென்று தெரியாமலே நடையைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். இது எப்படி முடிகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். கணினி அறிவியல் படித்திருக்கத் தேவையில்லை. சாதாரண தரக் கணிதம் போதும்.

எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது 'ஸ்போர்' என்ற விளையாட்டின் உயிரி வடிவமைப்புக் கருவி. சிம்சிட்டி, த சிம்ஸ் ஆகியவற்றை உருவாக்கிய வில் ரைட்டின் தலைமையில் மக்ஸிஸ் நிறுவனம் செய்தது. வெளியிட்டது எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ். முழு விளையாட்டு 2008 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், உயிரி செய்யும் பகுதியை மட்டும் தனியாக வெளியே விட்டார்கள். உறுப்புகளில் கால்வாசி மட்டும் உள்ள இலவசப் பதிப்பு ஒன்று, எல்லாம் உள்ள விலைப் பதிப்பு ஒன்று. விளையாட்டு வருவதற்குள் உலகெங்கும் பிள்ளைகளும் பெரியவர்களும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிகளைச் செய்து ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இதை வாங்கலாம். பழைய விளையாட்டு என்பதால் பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் எல்லாம் வேண்டியதில்லை. வீட்டில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்குப் பாவித்த மடிக்கணினியே போதும்.

கருவியைத் திறந்ததும் களிமண் உருண்டை மாதிரி ஓர் உடல் நடுவில் நிற்கும். அதற்குள் முதுகெலும்பு தெரியும். முனையைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு முள்ளெலும்பாகக் கூடி உடல் நீளும். நடுவில் ஒரு முள்ளெலும்பைப் பிடித்து மேலே தூக்கினால் முதுகு கூனும். சுட்டியின் உருளையைச் சுழற்றினால் அந்த இடம் மட்டும் பருக்கும், மெலியும். பக்கத்தில் உறுப்புப் பெட்டி: வாய்கள், கண்கள், கைகள், கால்கள், பாதங்கள், கொம்புகள். ஒரு காலை இழுத்து வந்து உடலின் ஒரு பக்கத்தில் வைத்தால் மறுபக்கத்தில் அதன் இணை தானே வந்து ஒட்டிக்கொள்ளும். வாயை ஒட்டியதும் உயிரி ஒரு சத்தம் போடும். கண்ணை வைத்ததும் திரும்பிப் பார்க்கும். எத்தனை உறுப்பு வேண்டுமானாலும் ஒட்ட முடியாது. சிக்கல் அளவைக் காட்டும் ஒரு மானி பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும், நிரம்பினால் அத்தோடு சரி.

என் மருமகள், தரம் எட்டு படிப்பவள், வெள்ளவத்தை வீட்டில் இதைத் திறந்து வைத்து ஒரு பின்னேரம் முழுக்க எழும்பவில்லை. அவள் செய்தது பாம்பு மாதிரி நீண்ட உடல். முன்னால் இரண்டு சோடி நெட்டைக் கால், பின்னால் இரண்டு சோடி குட்டைக் கால், முதுகில் ஒரு சோடிக் கை. சோதித்துப் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். அந்த ஐந்து சோடி உறுப்போடும் அது தடுமாறாமல் நடந்து வந்தது. பிறகு கைகளைத் தூக்கி ஆடியது. அவள் திரும்பிக் கேட்டாள்: "மாமா, இதுக்கு நடக்க ஆர் சொல்லிக் குடுத்தது?"

முழு விஷயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அப்படி ஓர் உயிரி வரும் என்று மக்ஸிஸில் யாருக்கும் தெரியாது. அதற்கென்று எவரும் நடை செய்து வைக்கவில்லை.

வழக்கமான விளையாட்டுகளில் நடப்பது வேறு. அங்கே பாத்திரத்தின் எலும்புக்கூடு முதலிலேயே நிலையாகி விடும். ரிக் என்பார்கள். அனிமேட்டர் அந்தக் கூட்டை வைத்துக்கொண்டு, இந்த நொடியில் முழங்கால் 20 பாகை, அடுத்ததில் 45 பாகை என்று கீஃப்ரேம்களைப் பதிந்து போவார். இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பும். அந்தப் பதிவில் இருப்பதெல்லாம் குறிப்பிட்ட எலும்புகளின் கோணங்கள் மட்டுமே. அதே பதிவை இரண்டு மடங்கு நீளக் காலுள்ள பாத்திரத்துக்குப் போட்டால் பாதம் நிலத்துக்குள் புதைந்துவிடும், அல்லது காற்றில் மிதக்கும். ஒரு முழங்கால் கூடுதலாக இருந்தால் பதிவு எதற்குமே உதவாது.

பரத நாட்டிய வகுப்பில் ஆசிரியை என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். வரிசையில் ஆறு வயதுப் பிள்ளையும் நிற்கிறது, பதினாறு வயதுப் பிள்ளையும் நிற்கிறது. "அரைமண்டி" என்றதும் இருவரும் இருக்கிறார்கள். தரையிலிருந்து இத்தனை அங்குலம் என்று அவர் சொல்வதில்லை. அவரவர் உயரத்துக்கு ஏற்ற அரை இருப்பு அது. நாட்டடவில் காலை நீட்டிக் குதியைத் தட்டு என்றால் அவரவர் கால் எட்டும் தூரத்துக்குத் தட்டுகிறார்கள். அடவு உடலின் அளவுகளைச் சொல்லாமல் உறுப்பின் வேலையைச் சொல்கிறது. அளவை ஆடுகிற உடல் கொடுக்கிறது.

ஸ்போரின் அனிமேஷன் இந்த வழியில்தான் எழுதப்பட்டது. அனிமேட்டர் "வலது கை எலும்பு" என்று எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. "பிடிக்கக்கூடிய உறுப்புகளில் முன்னால் இருப்பது" என்று தேர்ந்தெடுப்பார். பிறகு "அதை வாயிடம் கொண்டு போ" என்பார். வாய் எங்கே இருக்கிறது, கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் அது எதைச் சார்ந்தது என்பதும் சேர்த்துப் பதியப்படும். உடல் பெரிதானால் கூடவே பெரிதாக வேண்டிய அசைவு உண்டு. நிலத்தைத் தொட்டே ஆக வேண்டிய அசைவு உண்டு. இன்னோர் உறுப்பைத் தேடிப் போக வேண்டிய அசைவும் உண்டு. விளையாட்டு ஓடும்போது உயிரியைப் பார்த்து, பிடிக்கும் உறுப்பு எது என்று கண்டுபிடித்து, அந்தப் பொது அசைவை இந்த உடலுக்கான குறிப்பான அசைவாக அங்கேயே மாற்றுகிறது மென்பொருள். அனிமேட்டர்களின் திரையிலேயே ஒரே அசைவை வெவ்வேறு வடிவ உயிரிகள் ஒரே நேரத்தில் செய்து காட்டும். ஒன்றுக்குப் பொருந்தி இன்னொன்றுக்குக் கெட்டால் உடனே தெரிந்துவிடும். ஸ்போர் குழுவின் கிறிஸ் ஹெக்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்த முறையை 2008-இல் கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இத்துறைக்கு வரும் இளையோர் இன்றும் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை அது.

முன்கூட்டியே செய்து வைக்காமல் ஓடும் நேரத்தில் கணித்து உருவாக்கும் அசைவுக்கு ப்ரொசீஜரல் அனிமேஷன் என்று பெயர். அதன் முதுகெலும்பு ஒரு சின்னக் கணக்கு. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

"பாதத்தை இந்த இடத்தில் வை" என்று கட்டளை வருகிறது. பாதம் எங்கே போக வேண்டும் என்று தெரியும். இடுப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியும். தெரியாதது இடையில் உள்ள முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பது. நுனியைக் கொடுத்துவிட்டு மூட்டுகளின் கோணத்தைக் கேட்கிறோம். இதற்கு இன்வர்ஸ் கைனமெட்டிக்ஸ் என்று பெயர். தொழிலில் எல்லோரும் ஐ.கே. என்றுதான் சொல்வார்கள். ரோபோக் கைகளுக்காக வளர்ந்த கணிதம் இது.

தொடை 30 அலகு, கீழ்க்கால் 40 அலகு என்று வைத்துக்கொள்வோம். இடுப்பிலிருந்து பாதம் வைக்க வேண்டிய இடம் 50 அலகு தூரம். 30, 40, 50 என்றதும் பைதகரஸ் முக்கோணம் ஞாபகம் வரும். முழங்கால் சரியாக 90 பாகை. பாதத்தை 60 அலகு தூரத்துக்குத் தள்ளினால், பைதகரஸ் தேற்றத்தை எல்லா முக்கோணங்களுக்கும் விரிக்கும் கோசைன் விதிப்படி கோணம் சுமார் 117 பாகைக்கு விரியும். 40-க்கு இழுத்தால் சுமார் 68 பாகைக்கு மடங்கும். 70 அலகு என்றால் கால் கம்பி போல் நேராகிவிடும், 180 பாகை. 71 என்று கேட்டால்? கால் எட்டாது. அப்போது மென்பொருள் இடுப்பைச் சற்றுத் தாழ்த்த வேண்டும், அல்லது பாதத்தைக் கிட்ட வைக்க வேண்டும். நல்ல கருவிக்கும் மோசமான கருவிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரியும். மோசமான கருவியில் கால் திடீரென்று விறைத்துத் துள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 90 பாகை என்று கணக்குச் சொன்னாலும் முழங்கால் முன்னால் மடங்கலாம், பின்னால் மடங்கலாம். இரண்டுமே சரியான விடை. கணக்கு இதில் உதவாது. வடிவமைத்தவர் காலை எப்படி வளைத்து வைத்தார் என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பின்னால் மடங்கும் காலை வைத்ததும் உயிரிக்கு ஒரு பறவைச் சாயல் வந்துவிடும். கொக்கின் கால் நடுவில் பின்னோக்கி மடங்குவதாகத் தெரியும் இடம் உண்மையில் அதன் கணுக்கால். முழங்கால் மேலே, இறகுக்குள் மறைந்திருக்கிறது. உயிரி வடிவமைப்பவர்களுக்கு இதுபோன்ற உடற்கூற்று அறிவு பெரிய மூலதனம்.

மூட்டுகள் இரண்டு, மூன்று என்று கூடும்போது விடைகளின் எண்ணிக்கைக்கு முடிவே இல்லாமல் போகும். அப்போது நேரடிச் சூத்திரம் உதவாது. தோராயமாக ஒரு விடையில் தொடங்கி, பாதத்தை இலக்கில் வைத்து, அங்கிருந்து மேலே ஒவ்வோர் எலும்பாக நீளம் மாறாமல் சரிசெய்து, பிறகு இடுப்பிலிருந்து கீழே வந்து சரிசெய்து, திரும்பத் திரும்பக் கிட்ட நெருங்குவார்கள். 2011-இல் வெளியான ஃபப்ரிக் என்ற முறை இதைத்தான் செய்கிறது.

ஒரு கால் எப்படி மடங்கும் என்று பார்த்தாயிற்று. எட்டுக் கால்கள் எந்த ஒழுங்கில் எழும்ப வேண்டும்? இதற்கு வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் சிறிது நேரம் நின்றாலே பாடம் கிடைக்கும். கபரக்கொய்யா (பெரிய நீர் உடும்பு) ஒன்று கரையேறி வரும்போது பாருங்கள். முன் இடது காலும் பின் வலது காலும் ஏறத்தாழ ஒன்றாக எழும்பும். அவை ஊன்றியதும் மற்ற இரண்டும் எழும்பும். அதோடு முதுகு ஒவ்வோர் அடிக்கும் பக்கவாட்டில் வளைந்து, எட்டுகிற தூரத்தைக் கூட்டிக் கொடுக்கும். தெருநாய் மெதுவாக நடக்கும்போது ஒழுங்கு வேறு: பின் இடது, முன் இடது, பின் வலது, முன் வலது என்று ஒவ்வொன்றாக. அதே நாய் ஓட்டநடைக்கு மாறினால் மூலைவிட்டச் சோடிகள் சேர்ந்து எழும்பும். கரப்பான் ஆறு காலில் மூன்றை ஊன்றி மூன்றைத் தூக்கும். எப்போதும் ஒரு முக்கோணம் நிலத்தில் இருப்பதால் அது விழுவதில்லை. மெதுவான நடைகளுக்கெல்லாம் பொதுவான விதி இதுதான்: ஊன்றிய பாதங்களைச் சுற்றி ஒரு கோடு வரைந்தால் உடலின் பாரமையம் அதற்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

நேரம் அடுத்த பிரச்சினை. மருமகளின் உயிரிக்கு முன்கால்கள் நெட்டை, பின்கால்கள் குட்டை. இரண்டும் ஒரே தாளத்தில் எழும்பினால் பார்க்கவே பொய்யாக இருக்கும். தொங்கும் கால் ஓர் ஊசல். ஊசலின் அலைவு காலம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்று பௌதிகவியலில் படித்திருப்போம். கால் 4 மடங்கு நீளமானால் ஒரு வீச்சுக்கு 2 மடங்கு நேரம். யானையின் அடி ஆறுதலாகவும் எலியின் அடி படபடவென்றும் இருப்பதன் காரணங்களில் இது முக்கியமானது. ஆகவே ஒரே உயிரியில் குட்டைக் கால்கள் அதிக அடி வைத்தும் நெட்டைக் கால்கள் குறைந்த அடி வைத்தும் ஒரே வேகத்தில் போனால்தான் நம் கண் ஒத்துக்கொள்ளும். கண் இதில் மிகக் கறாரானது. காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் பிழை என்று உடனே சொல்லிவிடும்.

தோலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலை இழுக்கும்போது களிமண் போல் விட்டுப் பிரியாமல் வளைகிறதே, அதன் பின்னால் இருப்பது மெட்டாபோல் என்ற முறை. முதுகெலும்பு நெடுகக் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளை வைக்கிறார்கள். ஒவ்வோர் உருண்டைக்கும் நடுவில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் ஒரு செறிவு உண்டு. எல்லா உருண்டைகளின் செறிவையும் கூட்டி, கூட்டுத்தொகை ஒரு குறித்த எண்ணாக இருக்கும் இடமெல்லாம் தோல் என்று வைத்துக்கொண்டால், பக்கத்துப் பக்கத்து உருண்டைகள் நீர்த்துளிகள் போல் ஒன்றோடொன்று கலந்துவிடும். அணுக்களைச் சுற்றியுள்ள இலத்திரன் செறிவைப் படமாகக் காட்ட ஜிம் பிளின் 1982-இல் எழுதிய முறை இது. பிற்பாடு அசுரர்களையும் ஆமைகளையும் செய்ய உதவியது.

இவ்வளவும் சேரும்போது கோப்பு மிகச் சிறியதாகிவிடுகிறது. தோலின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேமிக்க வேண்டாம், அசைவுகளைச் சேமிக்க வேண்டாம். எத்தனை முள்ளெலும்பு, எந்த உறுப்பு, எந்த இடம், என்ன நிறம் என்ற குறிப்பு மட்டும் போதும். சில கிலோபைட்டில் முடிந்துவிடும். ஸ்போர் இதிலும் அழகான ஒரு வேலை செய்தது. உயிரியின் சின்னப் படம் ஒன்றைப் பி.என்.ஜி. கோப்பாகச் சேமிக்கும். அந்தப் படத்தின் புள்ளிகளுக்குள்ளேயே உயிரியின் முழுக் குறிப்பும் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். இன்னொருவர் அந்தப் படத்தை எடுத்துத் தன் விளையாட்டுக்குள் போட்டால் உயிரி எழும்பி நடக்கும். நண்பருக்கு அனுப்பும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி மாற்றிவிடும், உள்ளே இருக்கும் குறிப்பு அழிந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நீங்கள் எவ்வளவு நீளமான கால் வைத்தாலும் விளையாட்டுக்குள் உங்கள் உயிரி அதனால் வேகமாக ஓடாது. வேகம், தாக்கும் வலு எல்லாம் உறுப்புப் பெட்டியில் ஒவ்வோர் உறுப்புக்கும் எழுதி வைத்த எண்ணிலிருந்து வருகின்றன. ஊசல் கணக்கு நடையின் தோற்றத்துக்கு மட்டும் உதவுகிறது, பிழைப்புக்கு உதவவில்லை. வடிவத்துக்கும் வாழ்வுக்கும் இருக்கும் தொடர்பே உயிரியலின் உயிர்நாடி. அதை இந்த விளையாட்டு கைவிட்டது எனக்குப் பெரிய மனக்குறை. பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கூர்ப்பு என்றால் இதுதான் என்று சொல்லிவிடக் கூடாது. இங்கே உறுப்புகளைப் புள்ளி கொடுத்து வாங்குகிறோம். தேர்வு செய்பவர் நாமே. கணினியில் உண்மையான இயற்கைத் தேர்வுக்குக் கிட்டப் போனவர்களில் ஒருவர் கணினி வரைகலை ஆய்வாளர் கார்ல் சிம்ஸ். 1994-இல் அவர் பெட்டித் துண்டுகளால் ஆன உயிரிகளை விட்டு, நன்றாக நீந்தியவற்றையும் நகர்ந்தவற்றையும் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பெருக வைத்தார். அவருடைய உயிரிகள் அழகானவை அல்ல. ஆனால் அவற்றின் நடையை எந்த மனிதரும் எழுதவில்லை, பௌதிக விதிகளோடு மல்லுக்கட்டி அவையே கண்டுபிடித்தன. ஸ்போரில் நடைக்கான அடவை மனிதர் எழுதினார். உடலுக்குப் பொருத்தியது கணக்கு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எது வடிவமைப்பு, எது கூர்ப்பு என்பது பிள்ளைகளுக்குத் தெளிவாகப் பிடிபடும்.

முதல்முறை கருவியைத் திறப்பவர்கள் உடனே டிராகன் செய்ய ஓடிவிடுவார்கள். அதற்கு முன் இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். வெறும் உடலும் வாயும் மட்டும் வைத்துக் காலில்லாமல் சோதனைக்கு விடுங்கள், ஊர்ந்து வரும். ஒரு சோடிக் கால் ஒட்டுங்கள், பாருங்கள். அந்தக் காலை முழுக்க இழுத்து நீட்டுங்கள், பாருங்கள். இன்னொரு சோடியைக் குட்டையாகப் பின்னால் ஒட்டுங்கள். நிறத்தில் கை வைக்க வேண்டாம், கொம்பு வேண்டாம். ஒவ்வொரு முறையும் முகத்தை விட்டுவிட்டுப் பாதங்களை மட்டும் கவனியுங்கள்: எது முதலில் எழும்புகிறது, ஊன்றிய பாதம் நிலத்தில் வழுக்குகிறதா, முழங்கால் எந்த நொடியில் நேராகிறது. அதன் பிறகு துதிக்கையைப் போடுங்கள்.